பத்து நாளைக்கு வந்தவர்கள்

சிதம்பரம்
12.6.2008, வியாழன், காலை 10.40.
முன்போர்ஷனைப் பார்க்க இதுவரை வந்தவர்கள் ஏழு பேர்.

அத்தைக்கு,

சேரன் எழுதுகிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. உங்களுக்கும் இருக்காது என்று நம்புகிறேன். கயலையும் அருண்பாண்டியன் அண்ணனையும் கேட்டதாகச் சொல்லுங்கள்.

முதலில் ஒரு குறை. செல்போன் டவர் பழுது பார்ப்பது என் வேலை. கிள்ளையில் வலை காயப்போடுகிறவர்கூட போனில்தான் பேசுகிறார். நீங்கள் மட்டும் கயல் போனை வாங்கி, "லெட்டர் போடு" என்று இரண்டே வார்த்தை சொல்லிவிட்டு வைத்துவிடுகிறீர்கள். சரி, போட்டாயிற்று.

நீங்கள் மகளோடு கொஞ்ச நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்று கடலூர் போய் இரண்டு மாதம் ஆகிறது. நீங்கள் இருந்த முன்போர்ஷன் பூட்டிக் கிடந்தால் கரையான் ஏறும், நல்ல குடித்தனமாகப் பார்த்து விடு என்று சொன்னீர்கள். பின்ரூமில் இருக்கிற எனக்கு ஓசி வாடகைக்குப் பதிலாக இந்த வேலை. செய்கிறேன். ஆனால் உங்களைப்போல் முகத்தைப் பார்த்து முடிவு செய்ய எனக்குத் தெரியாது. ஒன்பது கேள்வி டைப் அடித்து வைத்திருக்கிறேன். என்ன வேலை, எத்தனை வருடமாக, எத்தனை வண்டி, தண்ணீர் மோட்டாரை யார் போடுவது என்று வரிசையாக.

வந்த ஏழு பேரில் நாலு பேர் கல்லூரிப் பையன்கள். "ரெண்டு பேருதான் சார்" என்றார்கள். வாசலில் நாலு ஜோடி செருப்பு கிடந்தது. ஐந்தாவது ஆள் கேள்வித்தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "நீங்க ஓனரா, வாட்ச்மேனா?" என்று கேட்டார். ஆறாவது புரோக்கர்.

ஏழாவது ராமாமிர்தம். கூட்டுறவு சங்கத்தில் கிளார்க். மனைவி பெயர் பொன்னி. ஒன்பதுக்கும் ஒழுங்காகப் பதில் சொன்னார். நான் அவருடைய இப்போதைய ஓனரிடம் விசாரிக்கவில்லை. கழித்துக்கட்ட வேண்டும் என்றால் ஓனர் யாரையும் தங்கம் என்றுதான் சொல்வார். அதற்கும் முந்தைய ஓனருக்குப் போன் போட்டேன். "நல்ல மனுசங்க தம்பி. எங்க வீட்டுல ஒரு கல்யாணம் வச்சிருந்தோம், அதனால காலி பண்ணச் சொன்னோம்" என்றார். வாடகைப் பாக்கி, சண்டை எதுவும் இல்லை. எனக்குத் திருப்தி. ஞாயிற்றுக்கிழமை பால் காய்ச்சுகிறார்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சேரன்

•

கடலூர்
20.6.2008

மருமகன் சேரனுக்கு அத்தை பட்டம்மாளின் ஆசீர்வாதம். தில்லைக்காளி புண்ணியத்தில் இங்கே எல்லாரும் சௌக்கியம். வேளைக்குச் சாப்பிடுகிறாயா? டவர்மேல் ஏறும்போது கீழே பார்க்காதே.

போனில் எனக்குச் சரியாகக் கேட்கிறதில்லை. கேட்கணும்னா சத்தம் போட்டுப் பேசணும். இங்கே அது சரிப்படாது. அதான் லெட்டர்.

ஒன்பது கேள்வி கேட்டியே, முதல் கேள்வியைக் கேட்டியா? வீட்டில் வயசானவங்க, சீக்காளி யாராவது உண்டா? இருபது வருஷமா நான் வாசலில் நிற்க வச்சே கேட்பேன், அப்புறம்தான் உள்ளே விடுவேன். உனக்கு இதெல்லாம் படிப்பில் சொல்லித் தரலை. வாடகைக்கு விட்ட வீட்டில் ஒரு சாவு விழுந்தா அடுத்து வர்றவன் நூறு தரம் யோசிப்பான். அவிட்டம், சதயம் மாதிரி நட்சத்திரத்தில் போயிட்டா அது அடைப்பு. வீட்டை மாசக்கணக்கில் பூட்டிப் போடணும். முந்தின ஓனர் வீட்டில் கல்யாணம்னு சொன்னார்னா அது என்னன்னு யோசிச்சியா? கல்யாணத்துக்கு முன்னாடி வீட்டில் யாரும் போயிடக் கூடாதேன்னு பயந்திருப்பார். போய்ப் பார்.

இன்னொன்று. இனிமேல் கவரில் என் பெயரைப் போடாதே. மாப்பிள்ளை அருண்பாண்டியன் பெயர் போட்டு அனுப்பு. தபால்காரர் எல்லாத்தையும் கீழே ஓனர்கிட்டதான் கொடுத்துட்டுப் போறார்.

கால் கொஞ்சம் கனமா இருக்கு. வெயில்தான், வேறொண்ணும் இல்லை.

அத்தை

•

சிதம்பரம்
2.7.2008

அத்தைக்கு,

நான் நலம். அங்கே வெயில் குறைந்திருக்கும், கால் கனமும் குறைந்திருக்கும்.

நீங்கள் சொன்னது சரி. என் ஒன்பது கேள்வியும் வீண்.

பாத்ரூம் குழாய் ஒழுகுகிறதா என்று பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டு உள்ளே போனேன். பாத்ரூம் உள்பக்கம் தாழ் போட்டிருந்தது. ராமாமிர்தம் என் எதிரில் நிற்கிறார், பொன்னி அக்கா அடுப்படியில் நிற்கிறார். உள்ளே லைட் எரிகிறது.

"யாரு உள்ள?"

"அது வந்து தம்பி... அப்பா. பத்து நாளைக்கு வந்திருக்காரு."

"எப்ப வந்தாரு?"

ராமாமிர்தம் வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து குரல் வந்தது: "பால் காய்ச்சின அன்னிக்கே வந்துட்டேன் தம்பி. இவனுக்குக் கணக்கு வராது. எப்படி கிளார்க் வேலை குடுத்தாங்கன்னு தெரியல."

கதவு திறந்தது. பெரியவர் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். பெயர் பக்கிரி. திட்டக்குடிப் பக்கம். நெஞ்சில் ஏதோ கோளாறு, மூச்சு விசிலடிக்கிறது. நான் கேட்டைத் திறக்கிற சத்தம் கேட்டால் அவரைப் பாத்ரூமில் உட்கார வைப்பது வழக்கமாம். நான் ஒரு நாளைக்கு நாலு முறை கேட்டைத் திறக்கிறேன்.

ராமாமிர்தத்திடம் நேராகச் சொல்லிவிட்டேன், பொய் சொல்லி வந்த குடித்தனம் வேண்டாம், காலி செய்யுங்கள் என்று. "நீங்க கேக்கலையே தம்பி" என்றார். அதுவும் சரிதான், நான் கேட்கவில்லை. இன்னும் இரண்டு வாரத்தில் ஆடி பிறக்கிறது, ஆடியில் யாரும் வீடு கொடுக்கவும் மாட்டார்கள், குடி போகவும் மாட்டார்கள் என்று பொன்னி அக்கா அழுதார். ஆவணி முதல் தேதி வரை கெடு கொடுத்திருக்கிறேன்.

சரியா என்று உடனே எழுதுங்கள்.

சேரன்

•

கடலூர்
9.8.2008

மருமகன் சேரனுக்கு ஆசீர்வாதம். பதில் போட நாளாயிடுச்சு, கோவிச்சுக்காதே. கை நடுங்குது. நான் சொல்லச் சொல்ல கயல் எழுதுகிறாள். அவளும் மாப்பிள்ளையும் உன்னை விசாரித்தார்கள். வயல்வெளியில் மழையில் நனையாதே.

நீ எழுதினதைப் படிச்சேன். சில விவரம் கேட்கணும்.

அந்தப் பெரியவர் எவ்வளவு நேரம் பாத்ரூமில் இருந்தார்? ஸ்டூல் வச்சிருந்தாங்கன்னு எழுதியிருந்தாய், சாய்ஞ்சுக்க ஏதாவது இருந்ததா? ராத்திரி அவர் இருமினா பின்ரூமில் உனக்குக் கேட்குமா? கேட்டா உனக்குத் தூக்கம் கெடுமா, கோவம் வருமா? அவர் கட்டிலை எந்தப் பக்கம் போட்டிருக்காங்க? நீ பின்ரூமுக்கு வந்தப்புறம் என் கட்டில் இருந்த ஜன்னல் பக்கமா?

சத்தம் போட்டியா அவர்கிட்ட?

சும்மா தெரிஞ்சுக்கத்தான் கேட்கிறேன். ரூல் ரூல்தான். ஆவணி வரைக்கும் இருக்கட்டும், அப்புறம் பார்க்கலாம்.

எனக்கு உடம்பு பரவாயில்லை.

அத்தை

•

சிதம்பரம்
18.8.2008

அத்தைக்கு,

நான் நலம். உங்கள் கை நடுக்கம் நின்றதா? டாக்டரிடம் காட்டினீர்களா? கயலுக்குக் கையெழுத்து அழகு, என் விசாரிப்பைச் சொல்லுங்கள்.

ஐந்து வாரம் காத்திருந்தேன். கேட்டது ஒன்று, வந்த பதில் வேறு. கட்டில் ஜன்னல் பக்கம்தான் இருக்கிறது. இருமல் கேட்கிறது. முதல் வாரம் தலையணையைக் காதில் அழுத்திக்கொண்டேன். இப்போது கேட்காவிட்டால்தான் எழுந்து உட்காருகிறேன். இதையெல்லாம் ஏன் கேட்கிறீர்கள் என்று தெரியவில்லை.

நேற்று ஆவணி பிறந்தது. கெடு முடிந்தது என்று சொல்லப் போனேன். பக்கிரி பெரியவர் கட்டிலில் உட்கார்ந்து தினசரி காலண்டரைக் கண்ணருகே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். காலையில் எழுந்ததும் தாளைக் கிழித்து அன்றைய நட்சத்திரம் பார்ப்பதுதான் அவருடைய முதல் வேலை.

"வா தம்பி. இன்னிக்கு சதயம். அடைப்பு. இன்னிக்கு நான் சாவ மாட்டேன், நீ தைரியமா வேலைக்குப் போ."

"அதுக்கு வரல பெரியவரே."

"தெரியும், தெரியும். கெடு முடிஞ்சிடுச்சு. டேய் ராமு, அந்த வேட்டியெல்லாம் மடிச்சு வைடா. தம்பிக்கு டைம் ஆவுதுல்ல."

பொன்னி அக்கா என்னை வெளியே கூப்பிட்டார். "எங்க கொண்டு போறது சொல்லுங்க. திட்டக்குடி வீட்ட பங்காளிங்க இடிச்சுத் தரைமட்டமாக்கிட்டாங்க. மூணு வீட்டுல கேட்டாச்சு. கட்டில இறக்கறதுக்கு முன்னாடியே எத்தினி வயசுன்னு கேக்கறாங்க. நாங்களா இவர சாவச் சொல்றோம்? இருக்கற வரைக்கும் ஒரு எடத்துல படுத்திருக்கட்டும்ங்கறோம்."

"அது எங்க அத்த முடிவு பண்ணணும்க்கா."

"அப்ப உங்க அத்தைய ஒரு தரம் வந்து இவரப் பாக்கச் சொல்லுங்க. பாத்துட்டுப் போவச் சொன்னா போயிடறோம்."

நான் டூல்ஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன். பத்தரைக்கு எனக்குப் பிச்சாவரத்தில் டவர் வேலை இருந்தது.

இருக்கட்டுமா, போகட்டுமா? ஒரே வார்த்தையில் எழுதுங்கள். ஜன்னல், ஸ்டூல் எல்லாம் வேண்டாம்.

சேரன்

•

கடலூர்
5.9.2008

மருமகன் சேரனுக்கு ஆசீர்வாதம். இதை என் கையாலேயே எழுதுகிறேன். கோணலா இருக்கும், பொறுத்துப் படி. எல்லாரும் சௌக்கியம். நீ சௌக்கியமா?

ஒரே வார்த்தை கேட்டாய். இருக்கட்டும்.

அவருக்கு ஒண்ணு ஆயிட்டா நடுவீட்டில் கிடத்தட்டும். முன்வாசல் வழியாவே எடுக்கட்டும். தெரு அடைச்சுப் பந்தல் போடட்டும். எந்த நட்சத்திரமா இருந்தாலும் சரி. யாராவது கேட்டா பட்டம்மா சொல்லிட்டாங்கன்னு சொல்லு.

ஏன் மாத்திட்டேன்னு நீ குதிப்பாய். உனக்கு அப்போ மூணு வயசு. உங்க மாமா போனப்போ நாங்க பரங்கிப்பேட்டையில் வாடகைக்கு இருந்தோம். ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டு வந்தப்போ ஓனரம்மா கேட்டைப் பூட்டிட்டு உள்ளே நின்னாங்க. "எங்க பொண்ணு மாசமா இருக்கா, தப்பா நெனச்சுக்காதீங்க பட்டம்மா"ன்னு கம்பிக்கு அந்தப் பக்கம் நின்னு அழுதாங்க. கெட்டவங்க இல்லை. எனக்கு எத்தனையோ தரம் குழம்பு குடுத்திருக்காங்க. ஞாயித்துக்கிழமை, எதிரில் இருந்த ரேஷன் கடை லீவு. அந்தக் கடை வாசலில்தான் உங்க மாமாவைக் கிடத்தினோம். வந்த ஜனம் ரோட்டில் நின்னுது, பஸ் வந்தா ஒதுங்கி ஒதுங்கி அழுதுது. அதுக்கப்புறம் நகையெல்லாம் வித்து இந்த வீட்டைக் கட்டினேன். கட்டி முன்போர்ஷனை முதல் முதல்ல வாடகைக்கு விட்ட அன்னிக்கே, வந்தவங்களை வாசலில் நிறுத்தி, வயசானவங்க உண்டான்னு கேட்டேன். இதை யார்கிட்டயும் சொன்னதில்லை. உனக்கும் எதுக்குச் சொல்றேன்னு தெரியலை.

போகட்டும். பின்ரூமில் தண்ணி ஊறுதா? பாத்ரூமுக்கு ஒரு படி உண்டே, அது எவ்வளவு உயரம்? கைப்பிடி வச்சியா? சும்மா கேட்டேன்.

அத்தை

•

சிதம்பரம்
14.9.2008

அத்தைக்கு,

நான் நலம். அங்கே எல்லோரும் நலம்தானா என்பதுதான் தெரியவில்லை. காரணம் கீழே.

உங்கள் முடிவை ராமாமிர்தத்திடம் சொன்னேன். அவர் உள்ளே போய்விட்டார். பக்கிரி பெரியவர்தான், "பந்தல் வேற போடலாமாமா? அப்ப ரெண்டு நாளு சேத்து இருந்து போவலாம்" என்றார். பெரியவருக்கு உங்களைப் பார்க்க வேண்டுமாம். "எனக்கு எடம் குடுத்த மவராசி எங்கதான் இருக்காங்க?" என்று தினமும் கேட்கிறார். இன்றைக்கும் சதயமாம், காலையிலேயே அறிவித்துவிட்டார்.

பின்ரூமில் தண்ணீர் ஊறவில்லை. படி ஏழு அங்குலம், டேப் வைத்து அளந்தேன். கைப்பிடி இல்லை. யாருக்காவது விடப் போகிறீர்கள் என்றால் நேராகச் சொல்லுங்கள், நான் வேறு இடம் பார்த்துக்கொள்கிறேன். இப்படிச் சுற்றி வளைத்துக் கேட்க வேண்டாம்.

இப்போது காரணம். புதன்கிழமை கம்பெனி மீட்டிங்குக்குக் கடலூர் வந்தேன். பதினோரு மணிக்கு உங்கள் வீட்டுக்கு வந்தேன். மாடிக் கதவில் பெரிய பூட்டு. கயலும் அண்ணனும் வேலைக்குப் போயிருப்பார்கள், சரி. நீங்கள்? படிக்கட்டில் நின்று "அத்தை, அத்தை" என்று நாலு தடவை கத்தினேன். கீழ்வீட்டு ஓனர் சுப்புராயன் வெளியே வந்தார்.

"யாருப்பா?"

"பட்டம்மாளோட மருமகன். அத்தையப் பாக்க வந்தேன்."

"அந்தம்மாவா? அவுங்க ஊருக்குப் போயி ரெண்டு மாசம் ஆவுதே. பத்து நாளைக்குத்தான வந்தாங்க."

ஊருக்கு என்றால் எந்த ஊருக்கு? இங்கே வரவில்லை. கோயிலுக்கென்று திருவந்திபுரத்தில் தங்கியிருக்கிறீர்களா? லெட்டர் மட்டும் கடலூரிலிருந்து வருகிறது. நான் ஒரு மணி நேர பஸ்ஸில் வந்து பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். கொண்டுவந்த மைசூர்பாகை சுப்புராயனிடமே கொடுத்துவிட்டேன், சுமந்துகொண்டு திரும்ப இஷ்டமில்லை.

எங்கே இருக்கிறீர்கள்? உடனே பதில்.

சேரன்

•

கடலூர்
27.9.2008

சேரா,

கயல் எழுதுகிறேன். இது அம்மா சொல்லி எழுதுவது இல்லை. நீ நல்லா இருக்கேன்னு நம்புகிறேன். இங்கே யாரும் நல்லா இல்லை.

அன்றைக்கு நீ வந்தபோது அம்மா உள்ளேதான் இருந்தாங்க. பூட்டு வெளியே. நாங்க வேலைக்குப் போகும்போது அப்படித்தான் பூட்டிட்டுப் போறோம். சுப்புராயன் மேலே வந்து எட்டிப் பார்க்கக் கூடாதுன்னு. நீ படிக்கட்டில் நின்னு கூப்பிட்டது, ஓனர் சொன்னது, எல்லாமே அம்மாவுக்குக் கேட்டிருக்கு. இருமல் வந்துடுமோன்னு முந்தானையை வாயில் அடைச்சுக்கிட்டுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன்னு சொன்னாங்க. "சேரன் நாலு தடவ கூப்புட்டான் கயலு, நாலு தடவையும் 'இருக்கேன்டா'ன்னு சொன்னேன். அவனுக்குக் கேக்கல" அப்படின்னு சொல்லிட்டு அன்னிக்குச் சாப்பிடலை.

இதயம் வீங்கியிருக்குன்னு புதுச்சேரி ஆஸ்பத்திரியில் சொன்னாங்க. ஜூலையில் இருபது நாள் அங்கேதான் இருந்தோம். அதனால்தான் உனக்குப் பதில் வரலை. மாத்திரை இருக்கு, ஆனா எத்தனை நாள்னு டாக்டர் சொல்ல மாட்டேங்கிறார். ஏப்ரலில் வந்தபோதே உடம்பு சரியில்லாமத்தான் வந்தாங்க, உன்கிட்டச் சொல்லக் கூடாதுன்னுட்டாங்க.

வந்தப்போ ஓனர்கிட்ட நாங்கதான் "பத்து நாளைக்கு வந்திருக்காங்க"ன்னு சொன்னோம். அவர் நல்ல மனுஷன்தான், ஆனா தை மாசம் மகளுக்குக் கல்யாணம் வச்சிருக்கார். ஜூலையில் ஆஸ்பத்திரிக்குப் போனது அம்மா ஊருக்குப் போனதாகவே இருக்கட்டும்னு விட்டுட்டோம். திரும்பி வந்தப்போ இருட்டினப்புறம் மேலே ஏத்தினோம். போன வாரம் தண்ணி டேங்க் பார்க்கணும்னு அவர் திடீர்னு வந்தார். அம்மாவை பாத்ரூமில் உட்கார வச்சேன். எங்ககிட்ட ஸ்டூல்கூட இல்லை, பக்கெட்டைக் கவிழ்த்து உட்கார வச்சேன். பாத்ரூம் கதவுக்கு வெளியே நின்னு நான் ஓனர்கிட்ட மோட்டாரைப் பத்தி பேசிட்டிருந்தேன் சேரா.

சொந்த வீட்டுக்குப் போயிடலாம்மான்னு தினமும் கேட்கிறேன். "முன்போர்ஷன்ல அந்தப் பெரியவர் இருக்காரு, பின்ரூம்ல சேரன் இருக்கான். ஒருத்தரக் கெளப்பிட்டுத்தான் நான் போயிப் படுக்கணும். வேணாம்"னு சொல்றாங்க. ஆவணியில் முன்போர்ஷன்காரங்களைக் காலி பண்ணச் சொல்லி உனக்கு ஒரு லெட்டர் எழுதச் சொன்னாங்க. எழுதி, கவரில் போட்டு, மறுநாள் அம்மாவே கிழிச்சுட்டாங்க. அப்புறம்தான் இருக்கட்டும்னு தன் கையால் எழுதினாங்க.

உன்னை எதுவும் செய்யச் சொல்லலை. நீ "எங்கே இருக்கிறீர்கள்"னு கேட்டிருந்தாய். அதான் எழுதினேன். வயிற்றுக்குச் சாப்பிடு.

கயல்

•

சிதம்பரம்
3.10.2008

அத்தைக்கு,

நலம் விசாரிக்கப் போவதில்லை. எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. கயலைத் திட்டாதீர்கள்.

நான் கோபமாக இருக்கிறேன். பூட்டிய கதவுக்கு வெளியே என்னை நிற்க வைத்ததற்கு இல்லை. படி எவ்வளவு உயரம் என்று கேட்டீர்களே, அதற்கு. "படி ஏறி இறங்க முடியவில்லை, நான் வரணும்" என்று எழுதியிருந்தால் அன்றைக்கே வந்திருப்பேன். ஏழு அங்குலம் என்று டேப் பிடித்துப் பதில் எழுதிக்கொண்டிருந்தேன்.

ராமாமிர்தம் வீட்டில் சொன்னேன். ராமாமிர்தம், "நாங்க காலி பண்ணிடறோம் தம்பி, இது அவுங்க வீடு" என்று உடனே எழுந்துவிட்டார். பொன்னி அக்கா அவரைப் பார்த்த பார்வையில் மறுபடி உட்கார்ந்தார். பக்கிரி பெரியவர்தான் முடிவு சொன்னார்: "யாரும் எங்கயும் போவ வேணாம். அந்தம்மா வரட்டும். எனக்கு முன்பக்கம், அவுங்களுக்குப் பின்பக்கம். காலண்டரு ஒண்ணு போதும். யாரு முன்னாடி போறதுன்னு நாங்க பேசி முடிவு பண்ணிக்கறோம்."

பிறகு காலண்டரைப் புரட்டிக்கொண்டே, "ஆனா தம்பி, புரட்டாசியில வீடு மாறக் கூடாதே" என்றார்.

"அவுங்க வீடு மாறல பெரியவரே. வீட்டுக்கு வராங்க" என்றேன். அவர் காலண்டரை ஆணியில் மாட்டிவிட்டார்.

கயல், அண்ணன் இருவருக்கும் என் அன்பு. இனி நான் செய்யப் போவது:

1. பாத்ரூம் படியை நாளைக்கே உடைத்துச் சரிவாகப் பூசுகிறேன். டவர் வேலையில் மிஞ்சிய பைப் இருக்கிறது, இரண்டு பக்கமும் கைப்பிடி வைக்கிறேன். கம்பெனியில் கேட்டுவிட்டேன்.

2. என் பேட்டரி, கேபிள், டூல்ஸ் பெட்டி, நான், எல்லாம் மொட்டைமாடி ஷெட்டுக்குப் போகிறோம். மழைக்கு முன்னால் ஷீட்டை மாற்றுகிறேன். காற்று நன்றாக வரும். இதற்குப் பதில் எழுத வேண்டாம்.

3. பின்ரூம் கட்டிலை ஜன்னல் பக்கம் போடுகிறேன். நீங்கள் இருமினால் மாடிக்குக் கேட்கும். கேட்கட்டும்.

4. என் கேள்வித்தாளில் உங்கள் முதல் கேள்வியைச் சேர்த்துவிட்டேன். வயதானவர் உண்டு என்று பதில் வந்தால் அடுத்த கேள்வி, கட்டில் எந்தப் பக்கம் போட வேண்டும் என்பது. வேறொன்றும் கேட்பதற்கில்லை.

5. வியாழக்கிழமை விஜயதசமி. எனக்கு லீவு. காலை பத்து மணிக்கு வேனோடு வருகிறேன். இருட்டில் இல்லை, தெருவில் எல்லோரும் நடமாடும்போது. கயல் அன்றைக்குப் பூட்ட வேண்டாம்.

6. சுப்புராயன் எதிரிலேயே உங்களை இறக்கிக் கூட்டி வருவேன். அவரோடு சண்டை போட மாட்டேன். மகள் கல்யாணத்துக்கு என் வாழ்த்தைச் சொல்வேன். மைசூர்பாகு எப்படி இருந்தது என்றும் கேட்பேன்.

7. இந்தக் கவரை ஒட்டி, மேலே 'திருமதி பட்டம்மாள் அவர்கள்' என்று பெரிய எழுத்தில் எழுதி, இப்போதே தபால்பெட்டியில் போடப் போகிறேன். சுப்புராயன் வாங்கிப் படித்துவிட்டு மேலே கொண்டுவந்து கொடுக்கட்டும். அவர் கூப்பிட்டால், இருக்கேன் என்று சத்தமாகச் சொல்லுங்கள்.

சேரன்